ஒத்து ஊதுபவனுக்கும் கூலி உண்டு

சித்தையன்கோட்டையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் இஸ்லாமிய நண்பர் ஒருவர் இருக்கிறார். மாரியம்மன் திருவிழாவானாலும், கந்தூரியானாலும், நம்முடைய தேர்ப்பவனியானாலும் அவருடைய பெட்டிகள்தாம் வண்டியேறி வரும். சென்ற திருவிழாவின் கொடியேற்றத்தன்று ஆலய முற்றத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கேட்டார்: "ஃபாதர், இந்தப் பெரிய பெட்டிக்கு இந்த வருஷம் வேலையே இல்லையா? பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி எங்கே?"

கீபோர்டிலேயே எல்லாம் வந்துவிடுகிறது என்றேன். அவர் சிரித்தார். "சத்தம் வரும் ஃபாதர். தம்பி வாசிச்சா நெஞ்சுக்குள்ளே வரும். அது வேற."

நம் வழிபாட்டைப் பற்றி அந்த ஆண்டு நான் கேட்ட மிகச் சரியான திறனாய்வு அதுதான். அதைச் சொன்னவர் நம் ஆலயத்துக்குள் ஒருமுறையேனும் அமர்ந்து திருப்பலி கண்டவர் அல்லர். அந்தத் தம்பி எங்கே என்ற கேள்விக்கு நான் நேர்மையாக விடை சொல்லவில்லை. இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

பேஸ் கிட்டார் என்பது என்ன என்று அறியாத வாசகர்க்கு இரண்டு சொற்கள். 1951இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபென்டர் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த நான்கு தந்திக் கருவி, இன்று உலகெங்கும் வழங்கும் இக்கருவிக்கு முன்மாதிரி. அதன் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காதால் கேட்பதைவிட உடலால் உணர்வதே மிகுதி. பாட்டுக்காரர் பாடுவார், கீபோர்டு அலங்கரிக்கும், தாளக்காரர் காலத்தை அறுத்துக் கொடுப்பார். இவர்கள் அனைவரையும் ஒரே தரையில் நிற்க வைப்பவன் பேஸ் வாசிப்பவன். கூட்டத்தில் எவரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நமக்கு இது புதிதன்று. நாதசுரக் குழுவில் ஒத்து ஊதுபவர் என்று ஒருவர் இருந்தார். மணிக்கணக்கில் மூச்சை உள்ளுக்குள்ளேயே சுழற்றி, ஒரே சுருதியை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். நாதசுர வித்துவானுக்குப் பொன்னாடை, தவில்காரருக்குச் சபாஷ், ஒத்துக்காரரின் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்காதது மட்டுமா? அவருடைய தொழிலையே நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். ஒருவன் இன்னொருவனுக்கு முதுகெலும்பின்றித் தலையாட்டினால் 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். மேளத்தின் அடிநாதத்தைத் தாங்கியவரை இப்படி நினைவுகூரும் மொழி நம் மொழி! இன்று பெரும்பாலான மேளங்களில் அவர் இல்லை. மின்சாரச் சுருதிப்பெட்டி அவருடைய இடத்தில் அமர்ந்திருக்கிறது. பெட்டிக்குப் பசிக்காது என்பதே அதன் முதல் தகுதி.

கிறிஸ்தவ ராக் இசை என்று மேல்நாட்டில் ஒரு வகை வளர்ந்தது. அதில் பேர்பெற்ற குழுக்களுள் ஒன்று 1983இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய ஸ்ட்ரைப்பர். 'அவருடைய காயங்களால்' நாம் குணமடைந்தோம் என்னும் எசாயா 53ஆம் அதிகாரத்துச் செய்தியைத் தன் பெயரிலேயே தாங்கிய குழு அது. மஞ்சளும் கறுப்பும் பட்டையிட்ட உடை. காதைக் கிழிக்கும் ஒலி. இசைக்கு நடுவே கூட்டத்தினரை நோக்கி வீசப்பட்ட புதிய ஏற்பாட்டு நூல்கள். இவர்களை அலகையின் கையாட்கள் என்று அமெரிக்காவின் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட் கடுமையாகச் சாடினார். அடுத்து 1988இல் தம் சொந்த ஒழுக்கக்கேட்டுக்காகத் தொலைக்காட்சியிலேயே அழுது மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அது கிடக்கட்டும்.

அக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் டிம் கெய்ன்ஸ். 1986இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. கிறிஸ்தவக் கன இசையில் அதற்கு முன் காணாத வெற்றி. அந்தத் தட்டின் உறையில் கெய்ன்ஸ் நிற்கிறார். ஆனால் தட்டில் ஒலிக்கும் பேஸ் அவருடையதன்று. பதிவு நடந்த காலத்தில் அவர் குழுவுக்கு வெளியே இருந்தார். வாசித்தவர் பிராட் காப் என்ற வேறொரு கலைஞர். பிறகு கெய்ன்ஸ் திரும்பி வந்தார், படத்தில் நின்றார், மேடையில் வாசித்தார். 1990களின் தொடக்கத்தில் குழு சிதறியது. 2003இல் மீண்டும் கூடியது. 2004இல் கெய்ன்ஸ் விலகினார். சில ஆண்டுகளில் திரும்பினார். 2017இல் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். குழு இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. பாடகர் மாறியிருந்தால் இரசிகர்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள். பேஸ் வாசிப்பவர் மாறினால் செய்தித்தாளில் இரண்டு வரி.

வாசித்தவன் ஒருவன், படத்தில் நின்றவன் இன்னொருவன் என்பதைப் படித்தபோது மேல்நாட்டாரைப் பார்த்து நகைக்கத் தோன்றியது. பிறகு நம் பங்குகளின் திருவிழா அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன். கொடியேற்றுபவர், மறையுரையாற்றுபவர், நவநாள் உபயதாரர், வாணவேடிக்கை உபயதாரர், அனைவருக்கும் பெயரும் சிலருக்குப் படமும் உண்டு. கடைசி வரியில் 'பாடல்கள்: பங்குப் பாடகர் குழு'. நகைப்பு அடங்கிவிட்டது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. கேரளத்தில் கத்தோலிக்க இளைஞர் இயக்கமான ஜீசஸ் யூத்தின் மடியில் ரெக்ஸ் பேண்ட் என்னும் இசைக்குழு வளர்ந்தது. உலக இளையோர் மாநாடுகளில் பல்லாயிரவர் முன் பாடியது. அந்த இயக்கத்துக்குத் திருப்பீடம் 2016இல் முறையான ஏற்பு வழங்கியது. அக்குழுவில் பாடிய அல்போன்ஸ் ஜோசப்பைத் தமிழர்கள் 2010இல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' திரைப்படத்தில் கேட்டுச் சொக்கினோம். 'ஆரோமலே' என்று பாடிய குரல் அவருடையது. சென்னையில் கீத் பீட்டர்ஸ் என்னும் பேஸ் கிட்டார் கலைஞர் ஏ. ஆர். ரகுமானின் இசையில் நெடுங்காலம் வாசித்தவர். திரைப்பாட்டைக் கேட்டு மயங்கும் நம்மில் எத்தனை பேர் அப்பெயரை அறிவோம்? திரையுலகின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்களில் கணிசமானோர் ஆலயப் பாடகர் குழுக்களில் விரல் பழகியவர்கள். நாம் விதைத்தோம், அறுவடை வேறு களத்துக்குப் போயிற்று. போனவர்களை 'உலகத்துக்குப் போய்விட்டான்' என்கிறோம். போக வைத்தது யார் என்று கேட்பதில்லை.

இந்த இடத்தில் என் மரியாதைக்குரிய பெரியவர்கள் சிலர் குறுக்கிடுவார்கள் என்பதை அறிவேன். "சாமி, ராக் இசைக்கு ஆலயத்தில் என்ன வேலை? கிட்டாரும் டிரம்மும் வந்த நாளிலிருந்துதானே பக்தி போயிற்று?" என்பார்கள். இக்கேள்வியை ஏளனம் செய்ய மாட்டேன். கர்தினால் இராட்சிங்கர், பின்னாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2000இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய நூலில் ராக் இசையைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு எதிரான ஒருவகை வழிபாடு என்றே கண்டார். கூட்டத்தின் வெறியிலும் தாளத்தின் அடியிலும் மனிதன் தன்னை இழந்துபோவதை விடுதலை என மயங்குகிறான் என்பது அவர் கருத்து. 1997 செப்டம்பர் 27 அன்று இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் நற்கருணை மாநாட்டில் பாப் டிலன் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன் பாடியபோதும் கர்தினாலின் உள்ளம் ஒப்பவில்லை. பின்னாளில் அதை எழுதியும் வைத்தார். திருத்தந்தையோ டிலனின் புகழ்பெற்ற பாடல் ஒன்றையே எடுத்துக்கொண்டு, அதில் வரும் காற்றைத் தூய ஆவியின் காற்றாக்கி இளைஞர்க்கு மறையுரை ஆற்றினார். இருவரும் புனிதமான மனிதர்கள். இருவர் நோக்கும் திருச்சபைக்குத் தேவை. எனக்கு இதில் கர்தினாலின் அச்சம் நியாயமாகவே படுகிறது. திருப்பலி கச்சேரி அன்று. எழுந்தேற்றம் முடிந்ததும் கைதட்டு வாங்கும் கீபோர்டுக்காரரை நான் பீடத்திலிருந்தே முறைத்திருக்கிறேன்.

ஆனால் கருவியின் மேல் பழி போடுவது சோம்பேறித்தனம். 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவைத் தடைசெய்தார். மேளத்தையும் கைத்தாளத்தையும் தடைசெய்தார். ஆலயத்துக்கு வெளியே பவனியில் பேண்டு வாத்தியம் வாசிக்க ஆயர் அனுமதிக்கலாம், உலகியல் பாட்டுகள் கூடா என்றார். நம் சப்பரத்துக்கு முன் சீருடை அணிந்த பேண்டுக்காரர் சென்ற ஆண்டு வந்த திரைப்பாட்டை ஊதும்போது, ராக் இசையைப் பழிக்கும் அதே பெரியவர்கள் தாளம் போட்டு நடக்கிறார்கள். நாம் 'நம் ஆலய வாத்தியம்' என்று உரிமை கொண்டாடும் ஆர்மோனியம் 1842இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி. அயல் சரக்கென்று அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகள் அதை ஒதுக்கி வைத்திருந்தது. நம் சொந்த மண்ணின் பறையையோ தீட்டென்று வாசலிலேயே நிறுத்தினோம். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), சகோதரத் திருச்சபையின் குருவானவர், கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்தபோது எழுந்த முணுமுணுப்புகளை என் தலைமுறை அறியும். அயல் கருவி அயல் என்பதால் ஆகாது. சொந்தக் கருவி சொந்தம் என்பதால் ஆகாது. பின் எதுதான் ஆகும்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதற்கு அளவுகோல் தந்துவிட்டது. குழல் ஆர்கனுக்கு உயர் மதிப்பு; பிற கருவிகள் தூய பயன்பாட்டுக்குத் தகுந்தவையாக அல்லது தகுந்தவை ஆக்கக்கூடியவையாக இருந்து, ஆலயத்தின் மாண்புக்கு ஒத்து, இறைமக்களின் ஞான வளர்ச்சிக்கு உதவினால் ஏற்கலாம். 1967இன் இசை பற்றிய போதனை ஏடு, அந்தந்த மக்களின் பண்பாட்டையும் மரபையும் கணக்கில் கொள்ளச் சொல்லிற்று. வாசிப்பவருக்குத் திறமையோடு வழிபாட்டின் உணர்வும் வேண்டும் என்றது. ஆக, வினா கருவியைப் பற்றியதன்று. வாசிக்கும் மனிதனைப் பற்றியது. அவனை உருவாக்கினோமா, அவனைத் தாங்கினோமா என்பது பற்றியது.

நாம் செய்தது என்ன? அவனுக்குப் பதிலாக ஒரு பொத்தானை வாங்கினோம். இன்றைய கீபோர்டில் இடக்கையால் ஒரு சுரக்கூட்டை அழுத்திவிட்டுத் தாள வகையைத் தெரிவு செய்தால் போதும். டிரம்மும் பேஸும் தாமாகவே ஓடும். சில பங்குகளில் அந்தக் கீபோர்டுக்காரரும் போய்விட்டார். கைபேசியில் பதிவுசெய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுகிறார்கள். 1958 செப்டம்பர் 3இல் வழிபாட்டுப் பேராயம் விடுத்த போதனை ஏடு, தானியங்கிக் கருவிகளையும் ஒலித்தட்டு, ஒலிநாடா போன்றவற்றையும் வழிபாட்டில் பயன்படுத்துவதை அறவே விலக்கியது. கீபோர்டை மனிதன்தானே இயக்குகிறான், இது தானியங்கி ஆகுமா என்று சட்ட வல்லுநர் வாதிடலாம், வாதிடட்டும். அவ்விலக்கின் உள்நோக்கம் தெளிவானது. இறைவனுக்குப் படைக்கப்படுவது மனித மூச்சும் மனித விரலுமே. மெழுகுதிரிக்குப் பதிலாக மின்விளக்கு மினுக்கினால் முகம் சுளிக்கும் நாம், மனிதனுக்குப் பதிலாக இயந்திரம் துதித்தால் 'சுருதி சுத்தமாக இருக்கிறது' என்று பாராட்டுகிறோம்.

இனி அந்தத் தம்பியைப் பற்றி.

பகலில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை. தந்தை இல்லை, தாய் தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறவர். பழைய பாடகர் குழுத் தலைவர் ஒருவரிடம் பழகி, பழைய பேஸ் கிட்டார் ஒன்றைத் தவணையில் வாங்கி, ஆறு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் தூணுக்குப் பின்னால் நின்று வாசித்தான். சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்காக அரைநாள் கூலியை இழந்தான் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. திருமணத் திருப்பலிகளில் ஒளிப்பதிவாளருக்குப் பல்லாயிரம் கொடுத்த குடும்பங்கள் பாடகர் குழுவுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் இடம் கொடுத்தார்கள். அதுவும் கடைசிப் பந்தியில். ஒரு நாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "ஃபாதர், ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கேட்கல. திருவிழாப் பத்து நாளுக்கும் வேலைக்குப் போக முடியறதில்ல. அதுக்கு மட்டும் ஏதாவது..."

நான் சொன்ன விடை இது: "ஆண்டவருக்குச் செய்யும் பணிக்கு விலை பேசலாமா, தம்பி?"

அவன் தலைகுனிந்து போய்விட்டான். அன்று காலை நான் நிறைவேற்றிய திருப்பலிக்கான காணிக்கை என் மேசை இழுப்பறையில் இருந்தது.

பீடத்தில் பணிபுரிவோர் பீடத்தால் வாழ்வது தகும் எனப் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதியதைக் குருமடத்தில் எனக்குக் கற்பித்தார்கள். நானும் நன்றாகவே கற்றுக்கொண்டேன். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்ற ஆண்டவரின் சொல் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைக் குருக்களுக்கு மட்டும் என்று சுருக்க எனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? பழைய ஏற்பாட்டில் ஆலயப் பாடகர்கள் இரவும் பகலும் பணியில் இருந்ததால் வேறு வேலைகளிலிருந்து விலக்கு பெற்றிருந்தார்கள் என்று குறிப்பேடு சொல்கிறது. நெகேமியா 13ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. எருசலேமில் லேவியர்க்கும் பாடகர்க்கும் சேர வேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் தத்தம் வயலுக்கு ஓடிப்போனார்கள். அதைக் கண்ட நெகேமியா பாடகர்களைக் கூப்பிட்டுப் பக்தியின்மைக்காகக் கண்டிக்கவில்லை. தலைவர்களைக் கூப்பிட்டு, கடவுளின் இல்லம் ஏன் கைவிடப்பட்டது என்று கண்டித்தார். பாடகன் வயலுக்குப் போனதை ஆலயத்தைக் கைவிட்ட குற்றமாகத் தலைவர்களின் கணக்கில் எழுதினார். இந்தப் பகுதியைக் கொண்டு நாம் மறையுரை ஆற்றுவது அரிது.

1983இன் திருச்சபைச் சட்டம் 230ஆம் பிரிவில், வாசகர், பீடத்துணைவர் பணி பெறுவதால் மட்டும் ஊதிய உரிமை எழாது என்கிறது. இதைப் பிடித்துக்கொள்பவர்கள் அடுத்த பிரிவுக்குப் பக்கம் திருப்புவதில்லை. நிரந்தரமாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ திருச்சபையின் தனிப்பணிக்குத் தம்மை அளிக்கும் பொதுநிலையினருக்குத் தங்கள் தேவையையும் குடும்பத்தின் தேவையையும் கண்ணியமாக நிறைவு செய்துகொள்ளத் தகுந்த ஊதியம் பெற உரிமை உண்டு என்கிறது 231ஆம் பிரிவு. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பாடுபவரைப் பற்றியன்று என் பேச்சு. பத்து நாள் கூலியை இழந்து நிற்பவனைப் பற்றியது.

"காசு கொடுத்தால் பக்தி போய்விடும்" என்கிறார்கள். உபதேசியாருக்குக் கொடுக்கிறோம், கோயில்பிள்ளைக்குக் கொடுக்கிறோம், போதாமல்தான் கொடுக்கிறோம் என்பது வேறு வெட்கம். அவர்கள் பக்தி போயிற்றா? உண்மை வேறு. எதுவும் கொடுக்காத இடத்தில், எதுவும் தேவைப்படாதவனே பணியாற்ற முடியும். மாதச் சம்பளக்காரரின் பிள்ளை பக்தியோடு பாடுவான். தினக்கூலியின் பிள்ளை பக்தி இருந்தும் வயலுக்கு ஓடுவான். சில ஆண்டுகளில் பாடகர் குழு ஒரே தெருவினரின் குழுவாகிவிடும். அது எந்தத் தெரு என்பதைத் திண்டுக்கல் சமவெளிப் பங்குகளை அறிந்தவர்க்கு நான் விளக்கத் தேவையில்லை.

பணம் இல்லை என்ற வாதமும் என்னிடம் செல்லாது. கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. வாணவேடிக்கை, மின் அலங்காரம், பூ, பந்தல், வெளியூர்ப் பேண்டு, சுவரொட்டி. ஒவ்வொன்றும் ஐந்திலக்கத்துக்குக் குறையாமல் தனித்தனிப் பக்கம் பிடிக்கிறது. பாடகர் குழு என்ற தலைப்பில் சென்ற திருவிழாவுக்கு ஒரே வரி: தேநீர், வடை, 640 ரூபாய். வானத்தில் நான்கு நிமிடம் வெடித்துக் கரியாகும் மருந்துக்கு உபயதாரர் போட்டியிடுகிறார்கள். தாழ்ந்த தந்தி ஒன்றுக்கு எவரும் உபயதாரர் இல்லை. அதன்மேல் பெயர் எழுத இடம் இல்லை அல்லவா!

தம்பி இப்போது திண்டுக்கல்லில் ஒரு பெந்தகோஸ்து சபையில் வாசிக்கிறான். அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் கருவி வாங்கிக் கொடுத்துப் பழக்குகிறார்கள். ஞாயிறுதோறும் பேருந்துச் செலவு, மதிய உணவு, உறையில் ஒரு தொகை. நம் ஆட்களை இழுக்கிறார்கள் என்று மறைவட்டக் கூட்டங்களில் ஆண்டுக்கு இருமுறை வருந்தித் தீர்மானம் போடுகிறோம். இழுக்கப்பட்டவன் எங்கள் கையில் எத்தனை ஆண்டு இருந்தான் என்று அத்தீர்மானங்களில் இருப்பதில்லை. அவனுடைய தாய் மட்டும் இன்றும் முதல் பூசைக்குத் தனியாக வருகிறார். சென்ற மாதம் கேட்டேன், மகன் வருவதில்லையா என்று. "அவனுக்கு ஞாயித்துக்கிழமை அங்கே வேலைங்க சாமி" என்றார். அதில் குறையேதும் அவர் குரலில் இல்லை. ஆறு ஆண்டுகள் இங்கே அவன் செய்ததை அவர் ஒருமுறையும் வேலை என்று சொன்னதில்லை.

வருகிற ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. வாணவேடிக்கைத் தொகையில் பாதியைப் பாடகர் குழுவின் கூலியிழப்புக்கும், இரண்டு சிறுவர்களின் பயிற்சிக்கும் கேட்கப்போகிறேன். வாணவேடிக்கைக் குழுவின் தலைவர் என் நல்ல நண்பர்; அன்று இரவு என்னோடு பேசமாட்டார். ஒலிபெருக்கிக் கடை நண்பர், தம்பி திரும்பி வந்தால் பெரிய பெட்டிக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன், மன்னிப்புக் கேட்டுத்தான். இன்னும் பதில் வரவில்லை.